முப்பத்தேழாம் எண்ணும் ஒரு சென்டிமீட்டரும்

மனிதன் சக்கரத்தை எதற்காகக் கண்டுபிடித்தான் என்று அறிஞர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. என்றாவது ஒருநாள் எங்கள் கோட்டத்துக்கு உட்பட்ட ஒரு தெருவில் ‘முப்பத்தேழு’ வந்து இறங்க வேண்டும் என்பதற்காகத்தான். இடையில் ஓடிய பேருந்து, லாரி, சைக்கிள் எல்லாம் ஒத்திகை.

நான் நகராட்சிச் சாலைப் பிரிவில் இளநிலைப் பொறியாளர். ஆகவே இதை உணர்ச்சிவசப்படாமல் சொல்லத் தகுதி உள்ளவன்.

அந்தக் கார் உலகத்திலேயே தொண்ணூற்றொன்பதுதான் உண்டு. நூறாவதைச் செய்தால் மட்டமாகிவிடும் என்று கம்பெனி அச்சையே உடைத்துப் போட்டுவிட்டதாம். எங்கள் தெருவுக்கு வந்தது முப்பத்தேழாவது. அதன் உரிமையாளரையும் எல்லோரும் ‘முப்பத்தேழு சார்’ என்றே அழைத்தார்கள். அவருக்கும் அதில் பெருமை. பெற்றோர் வைத்த பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கலாம். இது இன்னொருவருக்குக் கிடைக்காது.

காரின் முதுகுப்பக்கம் எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அதற்குக் கைகொடுக்க மூன்று மின்மோட்டார்கள். எல்லாம் சேர்ந்து ஆயிரத்து இருநூறு குதிரைசக்தி. பிரேக்கை மிதித்தால் அந்த வேகத்தைக்கூட விரயமாக்காமல் மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பிவிடும். இவ்வளவு சிக்கனமான பொருளுக்கு எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் தகும். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட இரண்டரை விநாடி. கார் எப்போதும் அவர் வீட்டில் கண்ணாடிச் சுவர் வைத்த குளிரூட்டிய கூடத்தில் நின்றுகொண்டிருந்ததால் இதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காமலே நம்பினோம்.

குறை ஒன்றே ஒன்று. அதுவும் காரிடம் இல்லை, எங்களிடம்.

காரின் அடிவயிறு தரையிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் உயரம். ஒரு பொத்தானை அழுத்தினால் மூச்சை இழுத்துப் பதினொன்று ஆகும். தெருமுனையில், தொடக்கப் பள்ளி வாசலில், நாங்கள் போட்டிருந்த வேகத்தடை பன்னிரண்டு.

அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. தலைமைப் பொறியாளர், முப்பத்தேழு சார், நான்.

“அடிப்பாகம் முழுக்க கார்பன் ஃபைபர் சார்,” என்றார் முப்பத்தேழு. “ஒரு கீறல் விழுந்தாப் போதும்...”

“விழுந்தா?”

“வெறும் கார் ஆயிடும்.”

தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்துக்குக்கூட அவர் அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை.

“சார், அது பள்ளிக்கூட வாசல்,” என்றேன். “நூத்தம்பது பசங்க ரோட்டைக் கடக்கறாங்க.”

“பசங்க வருஷா வருஷம் வருவாங்கய்யா,” என்றார் தலைமைப் பொறியாளர். “இது வருமா?”

‘இளநிலைப் பொறியாளரின் கருத்து கேட்கப்பட்டது’ என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார்கள். உண்மைதான். இரண்டு பேரும் கேட்டார்கள்.

பிறகு எனக்கு ஒரு கடமை தரப்பட்டது. வேகத்தடையை அகற்ற ஆட்சேபணை ஏதும் இல்லை என்று நான் தடையில்லாச் சான்று வழங்க வேண்டும். முப்பது வருடமாக எங்கள் அலுவலகம் வழங்கிவரும் அந்தச் சான்று, அன்றுதான் முதன்முறையாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. என் பதவி உயர்வுக் கோப்பு தலைமைப் பொறியாளர் மேசையில் இருந்தது என்பதற்கும் என் கையெழுத்துக்கும் சம்பந்தம் இல்லை. பேனா பக்கத்தில் இருந்தது, போட்டேன்.

வீட்டில்தான் சிக்கல். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை என் அக்கா. மாடியில் குடியிருக்கிறாள்.

“டேய், ரோட்டுல ரெண்டு பேர் கடப்பாறையோட நிக்கறாங்க. என்னடா நடக்குது?”

“மேம்பாட்டுப் பணிக்கா.”

“மேடா இருந்ததைத் தட்டையாக்கறது மேம்பாடா?”

“ஒரே ஒரு தடவை அந்தக் கார் போகணும்க்கா. அப்புறம் பார்த்துக்கலாம்.”

“அப்புறம்னா எப்போ?”

இதற்கு விடை விதிமுறைகளில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முப்பத்தேழு வெளியே வந்தது. வேறு சில சேகரிப்பாளர்களும் பார்க்க வந்திருந்தார்கள். கதவுகள் வண்டின் சிறகுபோல மேலே விரிந்தன. எஞ்சினைக் கிளப்பாமல் மின்மோட்டாரிலேயே, சத்தமில்லாமல், பூனை நடை நடந்தது. புழுதி படியக் கூடாது என்பதால் வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டர். கைகட்டிக்கொண்டு பக்கத்திலேயே நடந்த தலைமைப் பொறியாளர் சிறிது நேரத்தில் முந்திவிட்டார். மரியாதைக்காக நின்று காத்திருந்தார்.

பள்ளி வாசலைக் கடந்ததும் கார் நின்றுவிட்டது. முப்பத்தேழு சார் வியர்வையோடு இறங்கினார்.

“பதினஞ்சு ஆயிடுச்சு.”

“என்ன சார்?”

“ஓடின கிலோமீட்டர். காலையில பதினாலு இருந்துச்சு.”

வந்திருந்த சேகரிப்பாளர் ஒருவர் அவர் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார்: “இதோட நிறுத்திக்குங்க. இருபதைத் தாண்டினா யாரும் சீந்த மாட்டாங்க. என்கிட்ட இருக்கிற கார் நாலு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. நான் உள்ளேகூட உட்கார்றதில்லை, சீட்டு அமுங்கிடும்.”

கொண்டுவந்து இறக்கிய லாரியையே திரும்ப வரவழைத்து காரை அதன் மேல் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வேகத்தடை இருந்திருந்தாலும் அந்த லாரி அதன் மேல் சாவகாசமாக ஏறி இறங்கியிருக்கும். இந்தத் தொழில்நுட்ப நுணுக்கம் அந்த நேரத்தில் எனக்கு மட்டும்தான் தோன்றியது. கீழ்நிலை ஊழியர்களுக்கு இப்படித்தான் தேவையில்லாததெல்லாம் தோன்றும்.

மறுநாள் காலையிலேயே அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். “ஓட்டியாச்சுல்ல? திருப்பி வைங்க.”

தலைமைப் பொறியாளர் அவளை உட்காரச் சொல்லிப் பொறுமையாக விளக்கினார். “எடுக்கறது பராமரிப்பு, மேடம். வைக்கறது புதுக் கட்டுமானம். கணக்குத் தலைப்பே வேற. போக்குவரத்துக் கணக்கெடுப்பு நடத்தணும். காவல்துறை கருத்துச் சொல்லணும். முக்கியமா, அங்கே ஒரு விபத்தாவது நடந்திருக்கணும். இதுவரைக்கும் ஒண்ணும் நடக்கலையே?”

“வேகத்தடை இருந்துச்சு, அதனால நடக்கலை.”

“அப்போ தேவையில்லைன்னுதானே ஆகுது?”

அக்கா எழுந்து போனாள். மறுநாள் முதல் தினமும் காலையிலும் மாலையிலும், சிவப்பு அட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நடுச்சாலையில் நின்றாள். வழவழவென்று இழைத்த சாலையில் வண்டிகள் இப்போது பறந்து வந்தன. அவளைப் பார்த்துக் கிறீச்சிட்டு நின்றன. ‘மாற்று ஏற்பாடு சிறப்பாகச் செயல்படுகிறது’ என்று நாங்கள் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினோம். எனக்குப் பதவி உயர்வு வந்தது. அக்காவுக்கு இனிப்பு கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்தாள், சாப்பிடவில்லை.

நான்காவது வாரம் தண்ணீர் கேன் ஏற்றிய வேன் ஒன்றுக்கு பிரேக் பிடிக்கவில்லை. அக்கா இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பின்னால் தள்ளிவிட்டாள். பிள்ளைக்கு முழங்காலில் சிராய்ப்பு. அக்காவுக்கு வலது கையும் இடுப்பும் முறிந்தன.

மருத்துவமனைக்கு ஓடினேன். கையில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காவலர் ஒருவர் விவரம் எழுதிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“பள்ளிக்கூட வாசல்னு சொல்றீங்க,” என்றார் காவலர். “அங்கே வேகத்தடை ஒண்ணும் இல்லையாம்மா?”

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“இருந்துச்சுங்க,” என்றாள். “என் தம்பி கையெழுத்துப் போட்டு எடுத்துட்டான்.”