சம்பந்தி விருந்தில் ஒரு தட்டு குறைந்தது

சாய் குங்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

மதிப்பிற்குரிய பெரியக்கா அவர்களுக்கு,

தம்பி காம்-விங் பணிவோடு எழுதிக்கொள்வது. டொரொண்டோவில் தாங்களும் அத்தானும் முழங்கால் வலி குறைந்து நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் அனைவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. என் பெண் ஹோய்-யீ கல்யாணத்துக்கு விமான டிக்கெட் எடுக்கப்போவதாகச் சொன்னீர்களே, தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். போனில் சொல்லலாம்தான், ஆனால் நம் வீட்டுச் சுவர் மெல்லிசு.

இன்று மதியம் மாப்பிள்ளைப் பையனின் அப்பா அம்மாவுக்கு நானும் என் மனைவியும் கொடுத்த முதல் விருந்து. படகுத்துறைக்கு எதிரே, வாசலில் மீன் தொட்டி அடுக்கியிருக்கிற கடைதான். சாப்பிட்டு முடித்ததும் தேதி குறிப்பதாகப் பேச்சு. எதிலும் குறை வரக்கூடாது என்று மேலாளர் லோவோடு முன்கூட்டியே உட்கார்ந்து, ராசிக்கு எட்டுப் பதார்த்தம் நானே சொல்லி வைத்திருந்தேன். பையனின் அப்பா மோக் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாத மனிதர். அவர் எனக்கு டீ ஊற்ற, நான் விரலால் மேஜையைத் தட்டி நன்றி சொல்லிவிட்டு அவருக்கு ஊற்ற, அவர் தட்ட, இப்படியே இரண்டு பேரும் ஊற்றித் தட்டி, தட்டி ஊற்றி, கோப்பை நிரம்பி மேஜை விரிப்பு நனைந்துவிட்டது. அதற்குள் களவா மீனை உயிரோடு பையில் போட்டுக் காட்ட எடுத்துவந்தார்கள். அது ஒரு துள்ளு துள்ளி மோக்கின் மனைவி மோக் அம்மாவின் பட்டு ரவிக்கையில் தண்ணீர் அடித்தது. நல்ல துடிப்பான மீன் என்று மோக் சொன்னார், அந்தம்மா கைக்குட்டையைத் தேடினார். அவித்து வந்த பிறகு மரியாதைக்கு மீன் தலையை நான் அவர் பக்கம் சுற்றி வைத்தேன், அவர் என் பக்கம் சுற்றினார், நான் விடுவேனா, மேஜை நடுவிலிருந்த சுற்றுப்பலகை ராட்டினம் மாதிரி ஓடியதில் சோயா கிண்ணம் கவிழ்ந்தது. இதெல்லாம் போகட்டும் அக்கா, இதற்கெல்லாம் ஒரு கல்யாணம் நிற்காது.

கடைசியில் நூடுல்ஸ் வந்தது. நூடுல்ஸ் வந்தால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். எனக்கு ஏதோ உறுத்தியது. மேஜைக்கு அடியில் விரல் விட்டு எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன், அதே ஏழு. அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்து நாமெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டோமே, அந்த மேஜைக்கு மட்டும்தானே ஏழு பதார்த்தம் வைப்பார்கள்? லோவைக் கண்ணாலேயே கூப்பிட்டேன். அவன் வந்து காதோடு காதாக, பெருமையாகச் சொல்கிறான்: "சிப்பி இன்னைக்குச் சரியில்லைண்ணே. சம்பந்தி முன்னாடி உங்க மானம் போகக் கூடாதுன்னு நானே நிறுத்திட்டேன்."

சீக்கிரம் வரக்கூடியது எதுவாயிருந்தாலும் சரி என்று, பரிமாறுகிற ஃபா அம்மாவிடம் ஒரு கூடை இறால் கொழுக்கட்டை கொண்டுவரச் சொன்னேன். காத்திருந்தேன், காத்திருந்தேன், பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் கடல் காற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். நடுவில் மோக் கை கழுவப் போய்விட்டு, ரொம்பத் திருப்தியான முகத்தோடு திரும்பி வந்தார். கொழுக்கட்டை மட்டும் வரவில்லை. எழுந்து போய்க் கேட்டால், ஃபா அம்மா சொல்கிறார்: "அந்த ஐயாதான் வேணாம்னு நிறுத்திட்டாரு. பாவம், நீங்க ரொம்பச் செலவு பண்றீங்களாம்."

நான் மேஜைக்குத் திரும்பினபோது எல்லாரும் எழுந்துவிட்டார்கள். தேதியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மோக் அம்மா பஸ் ஏறுகிறவரைக்கும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மோக் படியில் நின்று, "அப்புறம் பாக்கலாங்க" என்று மட்டும் சொன்னார். கணக்கு வாத்தியார் எண்ணாமலா இருந்திருப்பார்? பெண்ணைப் பெற்றவன் இழவு விருந்து வைத்தான் என்று இந்நேரம் ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள். ஹோய்-யீ உள்ளறையில் பாட்டு முணுமுணுக்கிறாள். அவளிடம் எப்படிச் சொல்வேன்? பயமாக இருக்கிறது அக்கா. எனக்கு இருப்பது ஒரே பெண்.

அங்கே கோயிலுக்குப் போனால் எங்களுக்காகவும் ஒரு ஊதுபத்தி ஏற்றுங்கள். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

என்றும் தங்கள் அன்புத் தம்பி,
இப் காம்-விங்

பின்குறிப்பு (திங்கள்): தபால் பெட்டிக்குக் கிளம்பும்போது மோக் போன் பண்ணினார். எடுத்ததுமே, "சம்பந்தி!" என்றார். இதுவரை அவர் வாயில் வராத வார்த்தை. "பஸ்ல உக்காந்துதான் எண்ணிப் பாத்தேன். அந்தக் கொழுக்கட்டைய நிறுத்தின பாவி நானு. நீங்க பொண்ணு தர மாட்டீங்களோன்னு எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல." வீட்டுப் பெண்களுக்குத் தெரியாமல் அதே கடைக்குப் போனோம், அதே மேஜையில் உட்கார்ந்து ஒரு கூடை கொழுக்கட்டையைப் பாதிப் பாதி தின்றோம், எட்டு முடிந்தது, வெளியே வந்து தெருவில் நின்றே தேதியும் குறித்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவருக்கும்தான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் தேதியைச் சொன்னால், அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்கிறாள், அவளும் மோக் அம்மாவும் நேற்றே கை கழுவுகிற இடத்தில் வேறு தேதி குறித்துவிட்டார்களாம், மண்டபத்துக்கும் சொல்லியாகிவிட்டதாம். ஏழு என்று நான் அலறினதற்கு, கடைசியில் லோ சும்மா கொடுத்த சிவப்புப் பயறுப் பாயசத்தை யார் எண்ணுவது என்று கேட்கிறாள். ஆகவே டிக்கெட்டை எடுத்துவிடுங்கள் அக்கா, பெண்கள் குறித்த தேதிக்கே. ஆனால் பாயசத்தோடு எட்டு என்றால், இன்றைக்கு நாங்கள் தின்றது ஒன்பதாவது. ஒன்பது பரவாயில்லைதானே? உடனே பதில் போடுங்கள், மோக் கவலையோடு இருக்கிறார்.