மருந்துக்கடைக்காரியின் மறதி

"செத்தாலும் இனிமே நடைப்பயிற்சிக்குப் போகமாட்டேன்!" என்று லிஃப்ட்காரர் ஷூவைத் தூக்கிப் பரண்மேல் எறிந்தார். முப்பது வருஷம் ஜவுளிக்கடையில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலைத் தூக்காமலே லட்சம் மாடி ஏறியவர்.

மூன்று முறை நடக்க ஆரம்பித்தார், மூன்று முறையும் நின்றுபோனது. முதல் தடவை கணுக்கால் சுளுக்கு. அடுத்தது காய்ச்சல். மூன்றாவதுக்கு வெறும் சோம்பல்தான் காரணம். அதுதான் அவரை உறுத்தியது. பூங்காவில் "ஆளையே காணோமே?" என்று கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வது?

அன்று பரிசோதனையில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அலமாரித் துணிக்கு அடியில் ஒளித்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்காம்" என்றார் மனைவியிடம். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை.

"சரிங்க" என்றாள். சண்டை போடாமல் சரி சொன்னபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் பத்து மணிக்குப் போன்.

"ஏங்க, கண்ணாடிய மறந்துட்டேன். மாத்திரைய மாத்திக் குடுத்துட்டா வம்பு. கொண்டு வர்றீங்களா?"

மூன்று மாடி இறங்கி, நான்கு தெரு தாண்டி, மூச்சிரைக்கக் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த நாள் குடை. அதற்கடுத்த நாள் சாப்பாட்டு டப்பா. இப்படியே மூன்று வாரம்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"வயசாகுதில்ல?"

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதில்தான் காதில் ஓடியது. மகள் கடல் தாண்டிப் போய்விட்டாள். லிஃப்டில் நாளெல்லாம் ஜனம் பார்த்தவர், இப்போது ஃப்ரிட்ஜைத் திறந்தால்கூட "எந்த மாடி?" என்று கேட்டுவிடுகிறார். பதில் சொல்ல ஆளில்லை. இவளும் ஒருநாள் தன்னை மறந்துவிட்டால்?

நடுவில் சளி பிடித்து இரண்டு நாள் போக முடியவில்லை.

"எதையும் உருப்படியா செய்யத் துப்பில்ல எனக்கு" என்று புலம்பினார்.

"ரெண்டு நாள்தானே, விடுங்க. அதுக்கு எதுக்கு உங்களயே திட்டிக்கிறீங்க?" என்று போர்வையை இழுத்துவிட்டாள்.

தேறியதும் ஒரு திட்டம் போட்டார். அவள் குளிக்கப் போன நேரத்தில் கண்ணாடி, குடை, டப்பா, சாவி எல்லாவற்றையும் அவள் பைக்குள் திணித்தார். இனி எப்படி மறப்பாள் பார்க்கலாம்!

பத்து மணி. போன் வரவில்லை. பத்தரை. வீடு முழுக்கக் கடிகாரச் சத்தம்தான். ஜெயித்தவருக்கு ஏனோ அழுகை வந்தது. பரணிலிருந்து ஷூவை இறக்கித் தூசி தட்டினார்.

இரண்டாவது தெருவிலேயே கால் வலித்தது. பழைய ஆளாக இருந்தால் வீட்டுக்குத் திரும்பியிருப்பார். ஒரு கடைப்படியில் உட்கார்ந்தார். "பரவாயில்ல, வலிச்சா உக்காரு, அப்புறம் எந்திரி" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். எழுந்தார்.

"நான் எதையும் மறக்கலியே, ஏன் வந்தீங்க?" என்றாள் கடையில்.

"சும்மாதான். உன்னப் பாக்கணும்போல இருந்துச்சு."

அவள் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே இன்னொரு கண்ணாடி, இன்னொரு குடை. அடியில் அவர் ஒளித்துவைத்த சீட்டு.

"தினம் அரைமணி நேரம் நடக்கணும்னு எழுதியிருக்கார். டாக்டர் கிறுக்கல நான் கண்ணாடி இல்லாமயே படிப்பேங்க."

"அப்போ உனக்கு மறதியே இல்லையா?" சந்தோஷத்தில் அவர் கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"நாளைக்கு இருக்கு. குடைய மறக்கறதா இருக்கேன், ஷூவோடயே வந்துடுங்க."