ஓசியில் ஒரு செவ்வாய்க்கிழமை

வில்லோபென்ட் நகரசபையின் சட்டதிட்டங்களில் ஒரு விதி உண்டு. ஒன்றுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை சபை கூட வேண்டும். அதில் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து அமரலாம். வருகிறவர்களுக்குச் சபையின் செலவில் காப்பியும் சிற்றுண்டியும் வழங்கப்படும். சபை இந்த விதியை ஒருபோதும் மீறியதில்லை. பொதுமக்களும் ஒருபோதும் வந்து தொந்தரவு கொடுத்ததில்லை. அவர்களுக்கென்று செய்த காப்பியையும் கோதுமைப் பொரியில் சாக்லேட் ஊற்றிச் செய்த கட்டிகளையும் உறுப்பினர்களே மனம் கோணாமல் தின்று, ஜனநாயகத்தைக் கட்டிக் காத்து வந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் டார்லீனுக்கு அந்த விதி தெரியவந்தது. டார்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று ஆல்பர்ட்டா மாகாணத்துக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். பகலெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துக் கத்திவிட்டு, சாயங்காலம் வாடகைக்கு எடுத்த பேஸ்மென்ட் அறையில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாரத்தில் ஒரு மாலையாவது சிநேகிதர்களோடு சிரிக்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளே சொல்வாள். சிநேகிதர்கள் இரண்டு பேர்: முடிதிருத்தும் கடை ரொக்ஸி, இரும்புக்கடை லைல். மூன்று பேரிடமும் காசு இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

"பார்ல பீரு விலையப் பாத்தியா? ஒரு கிளாஸ் குடிச்சா ஒரு வாரத்துக்குக் கையைக் கடிக்குது," என்றாள் ரொக்ஸி.

"பந்து உருட்டற பௌலிங் ஆடப் போலாமா?" என்று கேட்டாள் டார்லீன்.

"அங்க குடுக்கற ஷூ வாடகைக்கே சொத்தை எழுதி வைக்கணும்."

"அப்ப உன் வீடு?"

"எங்க வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட்டு. சாயங்காலம் தூங்குவாரு. சிரிச்சா செருப்பு பறக்கும். உன் வீடு என்னாச்சு டார்லீன்?"

"ஹீட்டரு கன்ட்ரோல் ஓனரு கையில இருக்கு. கோட்டைக் கழட்டாம உக்காருவீங்கன்னா வாங்க."

லைல் தொண்டையைக் கனைத்தான். "நல்லா சூடா ஒரு இடம் இருக்கு. காப்பி ஓசி. திங்கறதும் ஓசி."

"யாரு செத்துட்டாங்க? சாவு வீட்டுலதானே எல்லாம் ஓசியில கிடைக்கும்?" என்றாள் டார்லீன்.

"யாரும் சாகலை. நகரசபைக் கூட்டம்."

"ரெண்டும் ஒண்ணுதானே!"

இருந்தாலும் போனார்கள். மூன்று பேர் கதவைத் திறந்து உள்ளே வருவதைப் பார்த்ததும் மேயர் ப்ளஞ்சட் எழுந்து நின்றுவிட்டார்.

"எங்கேயாவது தீப்பிடிச்சிருச்சா?"

"இல்லைங்க. சும்மா உக்காரலாம்னு வந்தோம்."

சபை பதறிப்போனது. உறுப்பினர்களின் கண்கள் சிற்றுண்டித் தட்டுக்குப் போயின. ஆனால் விதி விதிதானே! தட்டு பொதுமக்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

பிறகு நடந்தது இருக்கிறதே, அதற்கு எந்தக் கொட்டகையிலும் டிக்கெட் கிடைக்காது. பனி வாரும் வண்டி முதலில் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று சபை உறுப்பினர் கனம் ஃபெர்ரிஸ் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அவருக்கும் கனம் ஓல்சன் அம்மாளுக்கும் ஆகவே ஆகாது. ஆனால் அன்று ஓல்சன் அம்மாள் அசதியில் அந்தத் தீர்மானத்தை ஆதரித்துத் தொலைத்தாள். ஃபெர்ரிஸ் திடுக்கிட்டு, இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று சொல்லி, தன்னுடைய தீர்மானத்துக்கு எதிராகத் தானே வாக்களித்து அதைத் தோற்கடித்தார். பிறகு எழுந்து, தீர்மானம் தோற்றதற்குக் கண்டனம் தெரிவித்தார்.

மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, பனியில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

"எத்தனை நாளாச்சுடி இப்படிச் சிரிச்சு!" என்று டார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அதன்பின் ஒரு கூட்டத்தைக்கூட அவர்கள் விட்டதில்லை. ஆனால் ஜனவரியில் ஒருநாள் மேயர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடியை இறக்கினார்: "விவாதிப்பதற்குரிய பொருள் ஏதும் இல்லாமையால், வசந்தகாலம் வரையிலான கூட்டங்கள் யாவும் இதனால் இரத்து செய்யப்படுகின்றன. பொதுமக்கள் தரப்பில் ஏதாவது உண்டா?"

வசந்தகாலம் வரை அந்த பேஸ்மென்ட்டா? டார்லீன் தன்னையறியாமல் எழுந்துவிட்டாள்.

"உண்டுங்க!"

"என்ன?"

என்னவென்று அவளுக்கும் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே தபால் ஆபீஸ் வாசலில் ஒரு பெஞ்ச் தெரிந்தது.

"அந்த பெஞ்ச் தெற்கே பாத்து இருக்குங்க."

உறுப்பினர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

"ஏன் தெற்கே பாக்கணும்?" என்று டார்லீன் வாய்க்கு வந்ததைச் சொல்லி உட்கார்ந்தாள்.

"இதைத்தானே நான் வருஷக்கணக்கா நினைச்சுக்கிட்டிருந்தேன்!" என்று மேசையைத் தட்டினார் ஃபெர்ரிஸ். "கிழக்கே பார்த்தல்லவா இருக்க வேண்டும்!"

"என் பிணத்தைத் தாண்டித்தான் அது கிழக்கே திரும்பும்," என்றாள் ஓல்சன் அம்மாள்.

இரத்து இரத்தானது.

பிப்ரவரியில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. தெற்கத்தியார் ஒருபுறம், கிழக்கத்தியார் ஒருபுறம் என்று மண்டபம் நிரம்பியது. பாரில் கூட்டமே இல்லை என்று அதன் முதலாளியும் கதவைச் சாத்திவிட்டுக் கூட்டத்துக்கு வந்தார். அந்த பெஞ்சில் குளிர்காலத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை, கோடையிலும் கொசுவுக்குப் பயந்து உட்காருவதில்லை என்பதை யாரும் கிளப்பவில்லை. அது விவாதப் பொருளில் இல்லை.

பிரச்சினை கைமீறிப் போகவே, பெரிய நகரத்திலிருந்து ஆலோசகர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். ப்ரெண்டன் என்று பெயர். மைனஸ் முப்பது டிகிரியில், அப்போதைய நாகரிகப்படி, சாக்ஸ் இல்லாமல் கணுக்கால் தெரிய பேன்ட் போட்டிருந்தார். கணுக்கால் நீலம் பாரித்திருந்தது.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். இது பெஞ்ச் இல்ல," என்றார். "இது ஒரு உரையாடல்."

"உக்காரலாமா?" என்று கேட்டான் லைல்.

"அது அடுத்த கட்டம்."

எல்லோருக்கும் கலர் கலராக ஒட்டுச்சீட்டு கொடுத்து, 'நான் பெஞ்சாக இருந்தால் என்ன உணர்வேன்' என்று எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். முக்கால்வாசிப் பேர் 'குளிருது' என்று எழுதினார்கள். இதை ஆழ்ந்து ஆராய்ந்த ப்ரெண்டன், எல்லாத் திசைகளையும் அரவணைக்கும்படியாகச் சுழலும் பெஞ்ச் ஒன்றைப் பரிந்துரைத்தார். அதுவும் வந்தது. ரிப்பன் வெட்டிய அன்றே பனியில் உறைந்து, தபால் ஆபீஸ் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டது. அதைப் பற்றி விவாதிக்க மேலும் நான்கு கூட்டங்கள் அறிவிக்கப்பட்டபோது கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது.

மறுநாள் காலையில் வீட்டு ஓனர் ஸ்கீன் டார்லீனின் கதவைத் தட்டினார்.

"வாடகை ஏறுதும்மா. நான் என்ன செய்ய? நகரசபையில பெஞ்ச் வரின்னு வீட்டுக்கு வீடு போட்டுட்டாங்க. அதோட என் மனக்கஷ்டத்துக்கும் கொஞ்சம் சேத்திருக்கேன்."

டார்லீன் பேருந்தில் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தாள். மாதாமாதம் பாரில் கொண்டாடினாலும் இவ்வளவு ஆகாது! சாயங்காலம் நண்பர்களிடம் சொன்னாள்: "நமக்கு நாமே ஆப்பு வச்சுக்கிட்டோம். நான் உண்மையைச் சொல்லிடப் போறேன்."

"சொன்னா கூட்டம் நின்னு போயிடுமேடி!" என்று அலறினாள் ரொக்ஸி.

"சொல்லாட்டி நான் தெருவுல நிப்பேன்."

செவ்வாய்க்கிழமை, நிரம்பி வழிந்த மண்டபத்தில் டார்லீன் எழுந்தாள்.

"ஐயா, அந்த பெஞ்ச் எந்தப் பக்கம் பாத்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல. எங்ககிட்ட காசு இல்ல. இங்க வந்தா சூடா இருக்கு, சிரிப்பா இருக்கு. கூட்டம் நிக்கக் கூடாதுன்னுதான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன். இப்ப வரி ஏறிப்போச்சு. போதுங்க, நிறுத்திடுங்க."

மேயர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, செவ்வாய்க்கிழமை வந்தா முன்னெல்லாம் எனக்குத் தூக்கு மேடைக்குப் போற மாதிரி இருக்கும். இப்ப இதுக்குன்னே புதுச் சட்டை வாங்கியிருக்கேன்."

"ஃபெர்ரிஸோட சண்டை போட்டாத்தான் எனக்கு அன்னைக்குத் தூக்கமே வருது," என்றாள் ஓல்சன் அம்மாள், தலையைக் குனிந்துகொண்டு.

"அம்மையாரை நான் ஆமோதிக்கிறேன்," என்றார் ஃபெர்ரிஸ். ஊர் வாயைப் பிளந்தது.

"அதெல்லாம் சரி. ஒரு பெஞ்சுக்கு இவ்வளவு செலவு எப்படி ஆச்சு? யாரு பொறுப்பு? அதை விசாரிக்க வேண்டாமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மேயரின் முகம் மலர்ந்தது. "விசாரணைக் குழு! வாரம் ஒருமுறை பகிரங்க விசாரணை. பெரிய மண்டபம், கூடுதல் காப்பி. தலைமை ஆலோசகர் திரு. ப்ரெண்டன். செலவுக்கு ஒரு சிறிய, மிகச் சிறிய வரி. சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம்."

மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன. ரொக்ஸியும் லைலும் டார்லீனைப் பார்த்தார்கள். டார்லீன் வாடகையை நினைத்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை மாலையையும் அந்த பேஸ்மென்ட்டையும் நினைத்தாள். பெருமூச்சு விட்டுக் கையைத் தூக்கினாள்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கடைசி வரிசையில் வீட்டு ஓனர் ஸ்கீன் மட்டும் இரண்டு கையையும் தூக்கியிருந்தார்.