நான்கு தூண்களில் தார் இல்லாத விவரம்

அன்புள்ள மாமாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே, ஒன்றுவிடாமல் எழுதப் போகிறேன். நாங்கள் நால்வரும் நலம், வீடுதான் நலமில்லை.

சமையலறை மூலை இந்த மாதம் மட்டும் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது, சட்டியில் எண்ணெய் ஊற்றினால் ஓரத்துக்கே ஓடுகிறது, தம்பி உருட்டாத பந்தும் தானாகப் போய் ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஒளிகிறது, குளியலறைக் கதவு சாத்தாததால் உள்ளே இருப்பவர் ஓயாமல் பாட வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டிருக்கிறார், அப்பாவுக்குத் தெரிந்ததோ ஒரே பாட்டு. நேற்று சுவர் விரிசலில் என் ஸ்கேல் நுழைந்தது. இன்று கை நுழைந்தது. காலையில் வந்த இன்ஜினியர் அந்த மூலையைத் தோண்டிப் பார்த்துவிட்டு, "மண்ணுக்குள்ள இறக்கின இந்த நாலு பைல் தூண்லயும் தாரே இல்லையே, யாரு சுரண்டினது?" என்றார். குளத்தை மூடிய மனையில் மண் பல வருஷம் அமுங்கும், அமுங்கும்போது தூணையும் பிடித்துக் கீழே இழுக்கும், அந்தப் பிடி வழுக்கிப் போகத்தான் தூணின் மேல்பாதிக்கு நீங்கள் தார் பூசினீர்கள் என்று விளக்கினார். அப்பா உடனே, "நான்தான் சார் சுரண்டச் சொன்னேன்" என்றார்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? என் தம்பி வெயில்ல நின்னு பூசினானே!" என்றார் அம்மா.

"புத்தி கெட்டுப்போச்சு, விடு."

இன்றே காலி செய்யச் சொல்லிவிட்டார் இன்ஜினியர். அம்மா விஷயத்தைச் சொன்னதும் நீங்கள் போனில், "அக்கா, நீயும் பசங்களும் இங்க வாங்க. அந்த மனுஷன் வரவேண்டாம். அவர் இருக்கிற வாசப்படியை இனிமே மிதிக்க மாட்டேன்" என்றது ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. "வாசப்படியும் எறங்கிக்கிட்டுதான் இருக்கு மாப்ள" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை. அவர் இல்லாமல் வரமாட்டேன் என்று அம்மா பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறார்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுச் சுவர்கள் என்றும் நேராக நிற்கட்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்

பி.கு.: ஒன்றை விட்டுவிட்டேன். தூண்களை இறக்குவதற்கு முந்தைய நாள், உராய்வுப் பாடத்தை அப்பாவிடம் காட்டி, "வழவழன்னு இருந்தா வழுக்கும்பா, சொரசொரன்னு இருந்தாதான் மண்ணு பிடிக்கும், மாமா தப்பா பூசிட்டாங்க" என்று சொன்னது நான். "படிக்கிற புள்ள சொல்றா" என்று அப்பா பெருமையாக மேஸ்திரியைக் கூப்பிட்டார். நான்கு தூண்களைச் சுரண்டி முடித்ததும் மழை வந்தது. அதனால்தான் மற்ற தூண்கள் தப்பின. இதை உங்களிடம் சொல்லக் கூடாதாம். "உன் மாமன் திட்டு எனக்குப் பழகிப்போச்சு, உனக்குப் பழக்கமில்ல" என்கிறார். பழகிக்கொள்கிறேன் மாமா. அப்பாவும் வரட்டும்.

வீட்டைப் பூட்டுவதற்காக மெயின் சுவிட்சை அப்பா இறக்கிவிட்டார். எல்லா விளக்குகளும் அணைந்துவிட்டன.