தந்தி அண்ணன் சொன்ன காத்து

காருக்குப் பேய் ஓட்டிய ஆளை நீங்கள் பார்த்ததில்லை என்றால் இதோ பார்த்துக்கொள்ளுங்கள். நான்தான். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி, கற்பூரம் காட்டி, பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குத் திருநீறும் பூசியவன். ஈப்போவில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எங்கே மைக் இருந்தாலும் அதன் முன்னால் நிற்கும் அறிவிப்பாளன். பேசிப் பிழைக்கிறவன், காது கொடுத்துக் கேட்டுப் பழக்கமில்லை. கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

ஆனாலும் பாதிப் பழி தந்தி அண்ணனுக்குச் சேரவேண்டும். பேராக் மாநிலத்திலேயே அவரைவிடக் குறைவாகப் பேசியவர்கள் கல்லறைக்குள் மட்டும்தான் இருக்கிறார்கள். சிம்பாங் பூலாயில் ஒரு தகரக் கொட்டகைக்குள் கார் பழுது பார்க்கிறார். ஒரு கேள்விக்கு ஒரு சொல். ரெண்டாவது சொல் கேட்டால் காருக்கு அடியில் புகுந்துவிடுவார். அதனால்தான் தந்தி என்ற பெயர். பெண் பார்க்கப் போன இடத்தில் “பொண்ணு பிடிச்சிருக்கா?” என்று கேட்டதற்கு “ம்” என்றாராம். அது சம்மதமா, தொண்டைக் கரகரப்பா என்று அவருடைய மாமனார் வீட்டில் இன்றைக்கும் சண்டை.

என் கார் இருபது வயதைத் தாண்டிய டர்போ. அந்தக் காலத்தில் மேட்டில் மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். போன வருஷம் அதற்கு இளைப்பு வந்தது. சமதரையில் சமர்த்தாகப் போகும். மேட்டைக் கண்டால் பானெட்டுக்குள் ‘உஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு, பின்னால் கறுப்புப் புகை, வேகம் மட்டும் வராது. மலைக்குக் கோஸ் ஏற்றப் போன ஒரு கிழட்டு லாரி என்னை முந்திக்கொண்டு போனது. அதன் டிரைவர் எனக்கு அனுதாபமாகக் கையசைத்தான்.

எனக்கும் வயதானால் இளைக்கத்தானே போகிறது என்று விட்டிருப்பேன். ஆனால் மகள் தேவி கேமரன் மலையில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே வளைகாப்பு. முடிந்த கையோடு அவளை வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். “வேற எந்தக் காருல ஏறுனாலும் வாந்தி வருதுப்பா. நம்ம காருலதான் வருவேன்” என்று போனில் சொல்லிவிட்டாள். சம்பந்தி பெருந்தன்மையான மனிதர். “உங்க காரு ஏறலன்னா கவலப்படாதீங்க லா. காய் ஏத்துற நம்ம சாயூர் லாரியில அனுப்பி வைக்கிறேன்” என்றார். மகளைக் கீரைக்கட்டுகளோடு இறக்கிக்கொள்வதை நினைத்ததும் எனக்கும் இளைப்பு வந்துவிட்டது.

தந்தி அண்ணன் பானெட்டுக்குள் தலையை விட்டார். நான் பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்தேன். தேவி பிறந்த கதை, ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு, அவளுக்கு வாங்கிய புடவையின் நிறம், மலைப்பாதையில் எத்தனை வளைவு, நடுவில் கார் நின்றுபோனால் பின்னால் வரும் லாரி என்ன செய்யும் என்ற பயம், எல்லாம் சொன்னேன். எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“பம்பு” என்றார். பெட்ரோல் பம்பை மாற்றினார். மறுநாள் மேட்டில் மறுபடியும் அதே ‘உஸ்ஸ்’. போய்ச் சொன்னேன்.

“தப்பு” என்றார். ஒரே சொல்லில் தன் தவற்றை ஒப்புக்கொண்ட மெக்கானிக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு என்னை ஓட்டச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, மலையடிவாரம் வரைக்கும் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே வந்தார். திரும்பி வந்ததும் சொன்னார்.

“காத்து.”

அவ்வளவுதான். நாளைக்கு வா என்று விரலால் காட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

வீட்டில் வந்து சொன்னேன். “காத்தாம்.”

என் மனைவி சரசு நெஞ்சில் கை வைத்தாள். “நான் அன்னைக்கே சொன்னேன்ல! காம்பார்ல ஒரு சாவு வீட்டுக்குப் போயிட்டு, குளிக்காம கொள்ளாம நேரா காருல ஏறுனீங்க.”

“அப்ப காத்து கருப்பு என்னையில்ல பிடிக்கணும்? காரை ஏன் பிடிக்குது?”

“உங்களப் பிடிச்சாப் பேசியே கொன்னுடுவீங்கன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கும்.”

விடிந்ததும் நான் முதலில் சொன்ன பூசையெல்லாம் நடந்தது. மந்திரம் தெரியாததால் கல்யாண வீட்டில் வழக்கமாகச் சொல்லும் வரவேற்புரையையே பேய்க்கும் சொன்னேன். முன்பக்கம் வேப்பிலைக் கொத்து. கடைசியில் கோயிலில் கொடுத்த கறுப்புக் கயிறு. எங்கே கட்டுவது? காருக்கு இடுப்பு ஏது, மணிக்கட்டு ஏது?

“எங்க சீறுதோ அங்க கட்டுவோம். நீங்க ஏறி மிதிங்க” என்றாள் சரசு.

மிதித்தேன். பானெட்டுக்குள் காதை நீட்டிக் கேட்டாள். எஞ்சினை அணைத்ததும், தடியான ஒரு ரப்பர் குழாயைப் பிடித்து, கயிறு தீரும் வரைக்கும் சுற்றிச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சிம்பாங் பூலாய் போகும் வழியில் ஒரு மேடு. கார் இழுத்தது! பழைய பாய்ச்சல் இல்லை. கஞ்சி குடித்து எழுந்த நோயாளியின் நடை. ஆனாலும் இழுத்தது.

“பாத்தீங்களா?” என்றாள் சரசு. நான் அப்போதே அடுத்த திருவிழா மேடையில் இந்த அற்புதத்தை எப்படி அறிவிப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

தந்தி அண்ணன் வேப்பிலையைப் பார்த்தார். எஞ்சினில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். ஒரு காலிப் பால் டின்னில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி வைத்திருந்தார். எஞ்சினுக்குக் காற்று போகும் வாயில் அந்த டின்னைச் செருகி, இறுக்கி, உள்ளே காற்றடித்தார். பிறகு குழாய்கள் மேலெல்லாம் சோப்புத் தண்ணீரை ஊற்றினார். எல்லாக் குழாயும் சும்மா இருந்தது. கறுப்புக் கயிற்றுக்கு அடியிலிருந்து மட்டும் தூக்கி ஆற்றிய தே தாரிக் டீ மாதிரி நுரை பொங்கியது.

கயிற்றை அவிழ்த்தார். குழாயின் அடிப்பக்கம் ஒரு வெடிப்பு. சும்மா இருக்கும்போது உதடு மாதிரி மூடிக்கொள்கிறது. டர்போ காற்றை அழுத்தி அனுப்பினால் வாய் திறந்து பாதியை வெளியே விட்டுவிடுகிறது. எஞ்சினுக்குப் போகவேண்டிய மூச்சு ரோட்டுக்குப் போயிருக்கிறது.

அந்த வெடிப்பில் விரலை வைத்து, என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “காத்து.”

அதே சொல்தான். எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. சரசு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. “அண்ணே, நான் கயிறு கட்டுன எடம் சரியா, தப்பா? அத மட்டும் சொல்லுங்க.”

கொஞ்சம் யோசித்தார். “சரி.”

சொன்ன பிறகு அவர் வயிறு குலுங்கியது. தந்தி அண்ணன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதற்கும் சத்தம் கிடையாது. புதுக்குழாய் மாட்டி, இறுக்கி முடித்ததும், அந்தக் கறுப்புக் கயிற்றைத் தேடி எடுத்து அவரே அதன்மேல் சுற்றிக் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கார் மலையில் பாய்ந்தது. கோஸ் லாரிகளை முந்தினேன். அனுதாபமாகக் கையும் அசைத்தேன். கண்ணாடியில் ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும் விடாமல் தெரிந்துகொண்டிருந்தது. நான் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைத்தது. மழைக்கோட்டுக்குள் யாரென்று தெரியவில்லை. வளைகாப்பு முடிந்து, தேவியைப் பின்சீட்டில் சாய்த்துக்கொண்டு இறங்கும்போதும், மழையில் அதே மோட்டார் சைக்கிள் பின்னாலேயே வந்தது.

சிம்பாங் பூலாய்ச் சந்திப்பில் ஓரமாக நிறுத்தி இறங்கினேன். அந்த ஆள் ஹெல்மெட்டைக் கழற்றினார். தந்தி அண்ணன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வண்டியின் பின்னால் கருவிப்பெட்டி, அதன்மேல் கட்டியிருந்த இன்னொரு ரப்பர் குழாய்.

நான் மைக் இல்லாமலேயே ஆரம்பித்துவிட்டேன். “என்னண்ணே இது? கார்தான் நல்லாயிடுச்சே! நீங்க செஞ்ச வேலைய நீங்களே நம்பலையா? இந்த மழையில, இந்த வயசுல, மலை ஏறி இறங்கி, சாப்பிடாம கொள்ளாம, எதுக்குண்ணே இந்தப் பாடு?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கைநிறைய வளையலோடு வயிற்றில் கைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்த தேவியைக் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

“ரெண்டு உசுரு.”