முங்கினால் கனம் குறையும்

மனித வரலாற்றில் விஞ்ஞானம் இரண்டே முறைதான் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. முதல் முறை, ஆர்க்கிமிடீஸ் குளிக்கப் போனபோது. இரண்டாம் முறை, குமரி மாவட்டத்தின் குளப் பொலிவுத் துறையில் செயற்பொறியாளர் முத்துநாயகம் சார் மீன்குழம்புச் சாப்பாட்டை முடித்துக் கால்குலேட்டரை எடுத்தபோது. முன்னவர் துணியில்லாமல் தெருவில் ஓடினார். பின்னவர் பொறுப்புள்ள அதிகாரி, சஃபாரி சூட்டோடு நாற்காலியிலேயே இருந்தார்.

திட்டத்தின் பெயர் 'மிதக்கும் கல் தாமரை'. மயிலாடிச் சிற்பி சுயம்புராஜ் எட்டு மாதம் கொத்திய கருங்கல் தாமரை, இரண்டாயிரத்து அறுநூறு கிலோ. பன்னிரண்டு பிளாஸ்டிக் பேரல்களைக் கட்டி, மேலே இரும்புச் சட்டம் அடித்த மேடை. நடுவில் தாமரை, அதைச் சுற்றித் திறப்பு விழாவில் பன்னிரண்டு பள்ளிப் பிள்ளைகளின் நடனம். இவ்வளவு பாதுகாப்பைத் தரையில்கூடத் தர முடியாது என்று கோப்பில் எழுதியிருந்தது.

அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட வேண்டியவள் உதவிப் பொறியாளர் தேவகனி. அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். கையெழுத்துப் போடுமுன் படித்துவிடுவாள்.

"சார், மேடை ஐநூறு, தாமரை ரெண்டாயிரத்து அறுநூறு. மூவாயிரத்து நூறு கிலோ ஆச்சு. பேரலு எல்லாம் சேந்து ரெண்டாயிரத்து நானூறுதான் தாங்கும். இது முங்கும்."

"கல்லுல ஆயிரத்தைக் கழி. வெள்ளத்துல கல்லுக்குக் கனம் குறையும்லா? அதுக்குப் பேருதான் மிதப்பு விசை."

"கல்லு முங்கினாத்தான் சார் குறையும். இது மேடைக்க மேலல்லா இருக்கு?"

"முங்கும்னு இப்பம் நீதான சொன்ன?"

"ஆமா."

"முங்கினா கனம் குறையும். குறைஞ்சா மிதக்கும். பிறவு எங்க முங்குது?"

தேவகனிக்குத் தலை சுற்றியது. மாபெரும் சிந்தனைகளுக்கு முன்னால் சின்ன மூளைகளுக்கு அப்படித்தான் ஆகும்.

சார் கழித்த கழிப்பில் முந்நூறு கிலோ மிச்சமும் விழுந்தது. ஆளுக்கு இருபத்தைந்து வீதம் பன்னிரண்டு பிள்ளைகள். கச்சிதம்! விழாவன்று பிள்ளைகள் இட்லி சாப்பிடாமல் வர வேண்டும் என்று பள்ளிக்குச் சுற்றறிக்கை போனது.

"பிள்ளையளு முங்கினா, சார்?"

"அவியளுக்கும் கனம் குறையும். கையெழுத்தைப் போடு. இல்லேன்னா கிருஷ்ணகிரியில ஒரு இடம் காலியாக் கிடக்கு."

கருங்கல் என்ற ஊரில், வீட்டில், அவளுடைய ஒன்பது மாதக் குழந்தை அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தது. பயந்துதான் போனாள். ஆனாலும் பேனாவை மூடிவிட்டாள். சாரே கையெழுத்துப் போட்டுக்கொண்டார்.

விழா நாள். தாமரை கிரேன் கொக்கியில் தொங்கியபடி மேடையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. பிள்ளைகள் ஏறி நின்றதும் விசில், விசிலுக்குக் கொக்கி கழலும். இதுதான் நிகழ்ச்சி நிரல். தேவகனி கரையிலிருந்து மேடைக்குப் போட்ட பலகையில் போய்க் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, எந்திரி. மேக்கப்பு போட்டு மூணு மணிக்கூர் ஆச்சு, பிள்ளையளு பசியில நிக்குது" என்றாள் நடன டீச்சர் லிஜி. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"என்னைச் சவட்டிட்டுப் போ, லிஜி. ஒத்தப் பிள்ளைய ஏத்த விடமாட்டேன்."

நல்ல நேரம் முடிந்துகொண்டிருந்தது. மேடையில் தனியாக நின்ற முத்துநாயகம் சார் பொறுமையிழந்து விசிலை ஊதினார். கொக்கி கழன்றது. மேடை மிகுந்த மரியாதையுடன் கீழே போனது. சாருக்கு முழங்கால், இடுப்பு, நெஞ்சு. அங்கே நின்றது. மேலிதழ்கள் மட்டும் வெளியே தெரிய, குளத்தில் அசல் தாமரை பூத்த மாதிரியே இருந்தது. ஜனம் கைதட்டியது.

"மிதக்குதுலா!" என்று சார் கூவினார்.

"அடியிதழ் எல்லாம் மீனு பாக்கதுக்கா எட்டு மாசம் கொத்தினேன்?" என்று சுயம்புராஜ் தலையில் அடித்துக்கொண்டார்.

தேவகனி பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பிள்ளையின் நெற்றிச்சுட்டியும் சாரின் நெஞ்சைத் தாண்டாது. லிஜி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

சார் அறிக்கை எழுதினார்: 'விழாவின்போது மேடையில் வெள்ளம் ஏறியது.' குமரியில் கிணற்றில் இறைப்பதும் வெள்ளம், தாகத்துக்குக் குடிப்பதும் வெள்ளம். சென்னையில் வெள்ளம் என்றால் படகும் உணவுப் பொட்டலமும். தலைமையகம் பதறிவிட்டது. இயற்கைச் சீற்றத்தில் நெஞ்சளவு நீரிலும் பணியிடத்தை விட்டு அகலாத அதிகாரி! புகைப்படம் வேறு இணைத்திருந்தது. முத்துநாயகம் சாருக்குப் பாராட்டுப் பத்திரமும் பதவி உயர்வும் வந்தன. 'வெள்ள நேரத்தில் பலகையில் அமர்ந்திருந்த' தேவகனிக்குக் கிருஷ்ணகிரி வந்தது.

சிக்கனம் கருதி, பாராட்டு விழாவையும் பிரிவு உபசாரத்தையும் ஒரே மிக்சர் தட்டில் முடித்தார்கள்.

"மக்கா, மிதப்பு விசையைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போ" என்றார் சார், பெருந்தன்மையாக.

தேவகனி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சாருக்க கணக்கு சரிதான். ஒண்ணு முங்கும்போது எம்புட்டு வெள்ளத்தை இடம் மாத்துதோ, அம்புட்டு விசை அதை மேல தூக்கும். முங்கினது சாரு. இடம் மாறினது நான். மேல போனது சாரு."

எல்லோரும் கைதட்டினார்கள். முதலில் தட்டியது சார்தான்.

"நான் ஒருத்தி மாறினதுக்கே இம்புட்டு உயரம்" என்றாள் தேவகனி. "அந்தப் பன்னிரண்டு பிள்ளையளும் போயிருந்தா, சார் இன்னும் எம்புட்டு மேல போயிருப்பீங்க!"