கேப்டன் வில்டனும் என் மச்சானும்

கந்தப்பளை,
06.07.2025, ஞாயிற்றுக்கிழமை.

பாசமுள்ள மச்சான் நல்லமுத்து அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சி மீனம்மாவின் வீட்டுக்காரன் கந்தப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நலம் என்றால், மீனம்மா என்னோடு பேசுவதில்லை. மகள் பூரணி பேசுகிறாள். அவளும் பேசாமல் இருந்தால் தேவலை என்று இருக்கிறது. நோட்டன் பிரிட்ஜில் உங்கள் நலத்தையும் மழையின் நலத்தையும் அறிய ஆவல். போனிலேயே கேட்டிருப்பேன். பதினொரு தடவை போன் அடித்தேன், பதினொரு தடவையும் கட் பண்ணினீர்கள். தபாலைக் கட் பண்ண முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போனதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பூரணியின் கல்யாணக் கார்ட் அடிக்க நுவரெலியா போனேன். அச்சுக் கடைக்காரர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, "தாய்மாமன் பேர் சொல்லுங்க ஐயா" என்றார். வாயைத் திறந்தேன், அந்தப் பேர்தான் வந்தது. "அது பட்டப்பேர் மாதிரி இருக்கே, சரியான பேர் என்னா?" என்றார். உங்களோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போய், ஒரே கொய்யா மரத்திலிருந்து விழுந்து, உங்கள் தங்கச்சியையே கட்டி இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவன், பின்னால் நாலு பேர் காத்து நிற்க, பெண்சாதிக்குப் போன் போட்டு உங்கள் பேரைக் கேட்டேன். "நல்லமுத்து. அது எங்கப்பா வச்சது" என்றாள். அதோடு கட். இந்தக் கட் பண்ணுகிற வித்தை உங்கள் குடும்பத்துக்கே நன்றாக வருகிறது.

நிச்சயதார்த்தத்தன்று நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அதை எழுதாமல் மற்றதை எழுத முடியாது. பக்கத்து வீட்டுப் பையன் லோஜன் மைக்கைப் பிடித்து, "அடுத்து, பெண்ணின் தாய்மாமன் திரு. ஜொம்பா அவர்களைத் தட்டோடு அன்போடு அழைக்கிறோம்" என்றான். மாப்பிள்ளை வீட்டார் முதலில் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு உங்களைப் பார்த்தார்கள், பிறகு சிரித்தார்கள். நீங்கள் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு வாய் சோறு தின்னாமல் பஸ் ஏறினீர்கள். லோஜனைக் குற்றம் சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து அவன் கேட்ட பேர் அதுதான், அதற்குத் 'திரு' போட்டதே அவனுடைய மரியாதை. அன்றைக்கு எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது யார் என்று வீடியோக்காரர் பிடித்து வைத்திருக்கிறார். நாலு தடவை போட்டுப் பார்த்தேன். நான்தான். கடைவாய்ப் பல் இல்லாதது கூடத் தெரிகிறது.

நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் பூரணி கேட்டாள், "மாமாவுக்கு ஏம்ப்பா அந்தப் பேரு?" என்று. நான் பெருமையோடு கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தேன். கேப்டன் வில்டன் சாகசங்கள், மொத்தம் பதினேழு படக்கதைப் புத்தகம். முடி வெட்டாமலே போய் உட்கார்ந்து நாம் படித்தோமே, கந்தப்பளை சலூன் புத்தகங்கள், கடையை மூடுகிறபோது சலூன்காரர் எனக்கே கொடுத்துவிட்டார். "இதுல வர்ற பலசாலி பேரு புள்ள, பாசத்துல வச்சது" என்றேன். முதலைக் குளத்தைத் தாண்டுகிற இடத்தில் அவள் துள்ளுவாள் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த இடம் வந்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். அவளுக்குச் சிலிர்க்கவில்லை.

"முப்பது பேர் சாமான் தூக்குறாங்க. முப்பது பேருக்கும் ஏன் ஒரே மூஞ்சி?"

"படம் போட்டவருக்கு நேரம் பத்தலையா இருக்கும்."

"தொப்பிக்காரருக்கு மட்டும் ஒவ்வொரு மயிரா போட்டிருக்காரு?"

நான் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே ஜொம்பா தடித்த உதட்டோடு கிராமபோனைக் கண்டு பயந்து மரத்தில் ஏறுகிறான். நாம் வயிறு வலிக்கச் சிரித்த பக்கம். அடுத்த பக்கத்தில் கேப்டன் வில்டன், "இந்தச் சோம்பேறிகளைச் சவுக்கு இல்லாமல் நகர்த்த முடியாது" என்கிறார். அதையும் நாம் மனப்பாடமாகச் சொல்வோம்.

"காலையில வரிசையா நிக்க வச்சு ஆள் எண்ணுறாரே, இது நம்ம பெரட்டுத்தானேப்பா?"

"இது ஆப்பிரிக்கா புள்ள."

"ஆப்பிரிக்காவுல அம்மா என்னா செய்றாங்க?"

அந்த நேரம் பார்த்து மீனம்மா மலையிலிருந்து வந்து கொழுந்துக் கூடையை இறக்கினாள். எட்டிப் பார்த்தாள். கேப்டனைப் பார்க்கவில்லை, கதையைப் பார்க்கவில்லை. சுமைகாரன் நெற்றியில் போட்டிருந்த கயிற்றைத்தான் பார்த்தாள். "இத வரைஞ்சவன் ஒரு நாளும் தூக்கினதில்ல. கயிறு அங்கன இருந்தா தலை இப்பிடி நிமிராது" என்று சொல்லிவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டு உள்ளே போனாள்.

மச்சான், நம் லயத்தில் ஒரே கூரைக்கு அடியில் பன்னிரண்டு காம்பரா. அத்தனை வீட்டு அம்மாக்களும் விடியவே கூடை கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போவார்கள். அவர்கள் பெற்ற பயல்கள் ஒன்பது பேரும் தேயிலைக் கான் பள்ளத்தில் நின்று, யார் கேப்டன் என்று அடித்துக்கொள்வோம். சாமான் தூக்குகிற வரிசையில் நம் அம்மாக்கள்தான் நிற்கிறார்கள் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற என் மூளைக்கு இது ஏற ஐம்பத்தேழு வயதாகிவிட்டது. ஒன்பதுக்குப் போயிருந்தால் ஒரு வருஷம் முந்தி ஏறியிருக்குமோ என்னவோ.

சரி, தப்பைத் திருத்துவோம் என்று ஒரு நீலப் பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பது பேருக்கும் சட்டை போட்டேன், உதட்டைச் சிறிதாக்கினேன், ஆளுக்கு ஒரு மூஞ்சி கொடுத்தேன். நாலாம் பக்கத்தில் மை தீர்ந்துவிட்டது. இப்போது அந்தப் புத்தகத்தில் முதல் நாலு பக்கம் சுமைகாரர்கள் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்துக்குப் போவது மாதிரி இருக்கிறார்கள், ஐந்தாம் பக்கத்தில் திடீரென்று எல்லோரும் சட்டையைக் கழற்றிவிடுகிறார்கள். ஒழியட்டும், எரித்துவிடலாம் என்று பதினேழையும் அடுப்படிக்குக் கொண்டுபோனேன். அடுப்பு வெளிச்சத்தில் முதலைக் குளத்தை இன்னொரு தடவை படித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். என் லட்சணம் அவ்வளவுதான்.

அதற்குள் கார்ட் ஊரெல்லாம் போய்விட்டது. போன் மேல் போன். "நல்லமுத்து யாருங்க, மீனம்மாவுக்கு இன்னொரு அண்ணனா?" என்று அக்கரப்பத்தனையிலிருந்து ஒருவர். "ஜொம்பாவ ஒதுக்கி வச்சிட்டீங்களா? பாவங்க அந்த மனுசன்" என்று இன்னொருவர், உங்களுக்காக என்னிடமே பரிந்து பேசினார். அடைப்புக்குறிக்குள் அதையும் போட்டிருந்தால் விளங்கியிருக்குமே என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒவ்வொருவருக்கும் நல்லமுத்து என்றால் நீங்கள்தான் என்று விளக்கி விளக்கி, ஒரு வாரத்தில் நான் உங்கள் பேரைச் சொன்னது நாற்பத்தைந்து வருஷத்தில் சொன்னதை விட அதிகம். உங்கள் தங்கச்சியைக் கட்டிய பிறகு 'நீங்க, வாங்க' என்று உங்களுக்கு மரியாதை கொடுத்தேன் என்று பெருமைப்பட்டுக்கொள்வேன். "ஜொம்பா மச்சான், சாப்பிட்டீங்களா?" இப்படித்தான் கொடுத்திருக்கிறேன்.

ஆவணி பதினெட்டு முகூர்த்தம். பூரணி முடிவாகச் சொல்லிவிட்டாள்: "மாமா மாலை போட்டு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் மணவறைக்கு வருவேன். இல்லேன்னா ஒங்க கேப்டனக் கூப்புட்டு நடத்திக்கங்க." மீனம்மா உங்களுக்கு எடுத்த வேட்டி சட்டையைத் தினமும் எடுத்துத் தட்டித் தட்டி வைக்கிறாள். எனக்காக வர வேண்டாம் மச்சான். எனக்காக வர நியாயமே இல்லை. அந்த இரண்டு பேருக்காக வந்துவிடுங்கள். மைக்கை லோஜனிடமிருந்து வாங்கிவிட்டேன். பேரை நானே கூப்பிடுகிறேன்; தினமும் சொல்லிப் பழகுகிறேன்.

உங்களுக்கும் உங்கள் வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் மாரியம்மன் துணையிருக்கட்டும். மலைச்சரிவில் பஸ் மெதுவாக ஓடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்,
கந்தப்பன்.

பி.கு.: பாசத்தில் வைத்த பேர் என்று பூரணியிடம் சொன்னது பொய். மேலே எழுதியதில் மற்றதையெல்லாம் அடித்துவிட்டு இதை மட்டும் படித்தாலும் போதும். மீனம்மாவிடம் கூட இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சலூனில் அந்தப் புத்தகம் வந்த அன்று மழை. நீங்கள் கதவடியில் நின்று தலையில் போட்டிருந்த சாக்கை உதறிக்கொண்டிருந்தீர்கள், ஒன்றும் பார்க்கவில்லை. ஜொம்பா வரும் பக்கத்தைத் திருப்பியதும் பயல்கள் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து பார்த்தது என்னை. லயத்திலேயே கறுப்பு நான்தான். ஒருத்தன் வாயைத் திறக்கப் போனான். அதற்குள் நான் உங்கள் பக்கம் கையைக் காட்டிவிட்டேன்.